வசந்திக்கு, அந்தப் போலீஸ் கணக்கைப் பற்றி

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. தப்புதான், நேரில் வரும்போது ஆசை தீரத் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம்.

உங்கள் ஊர்ப் போலீஸ் ரோட்டில் நிறுத்தி விசாரிக்கும் ஓட்டுநர்களில் கறுப்பினத்தவர் பங்கு, ஊர் ஜனத்தொகையில் அவர்கள் பங்கைவிட அதிகம் என்று நகரசபைக் கூட்டத்தில் நீ எழுந்து பேசியதைச் சுந்தரி சொன்னாள். மெஸ் சாம்பாருக்காக நின்ற அதே வசந்தி! ஆனால் போலீஸ் தலைவர், "எங்கள் ரோட்டில் வண்டி ஓட்டுகிற எல்லோரும் எங்கள் ஊர்க்காரர்களா?" என்று கேட்டு உட்காரவைத்துவிட்டாராமே. அது நியாயமான கேள்வி. அமெரிக்காவில் உங்கள் மிசௌரி மாநிலம் வருடாவருடம் வெளியிடும், போலீஸ் வண்டிகளை நிறுத்தியதைப் பற்றிய அறிக்கையும் ஜனத்தொகையோடுதான் ஒப்பிடுகிறது. அந்த எண்ணில் ஆரம்பிக்கலாம், அதிலேயே நின்றுவிடக் கூடாது.

மூலப் பதிவை வாங்கு. மத்திய அரசின் தகவல் சட்டம் உள்ளூர் போலீஸுக்குச் செல்லாது. மாநிலத்தின் சொந்தத் தகவல் சட்டமான சன்ஷைன் சட்டப்படி கேள். மூன்று வேலை நாளில் பதில் வரவேண்டும். அபராதச் சீட்டுகளைக் கேட்காதே, எச்சரித்து அனுப்பப்பட்டவர்கள் விடுபட்டுப்போவார்கள். ஒரு நிறுத்தத்துக்கு ஒரு வரிசை: தேதி, நிமிடம்வரை நேரம், இடம், காரணம், ஓட்டுநரின் இனம், சோதனை நடந்ததா, எந்த அடிப்படையில், என்ன கிடைத்தது. எக்செல் கோப்பாக, குறியீட்டு விளக்கத்தோடு. முகவரியும் வண்டி எண்ணும் வேண்டாம் என்று நீயே எழுதிவிடு, மறுக்க ஒரு சாக்கு குறையும். குடும்பப் பெயரை மட்டும் விடாதே. டெக்சாஸ் நெடுஞ்சாலைப் போலீஸ் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரை வெள்ளையர் என்று பதிந்துவந்தது 2015-ல் வெளியானதே, அந்த மாதிரித் தவறைப் பெயரை வைத்துத்தான் பிடிக்க முடியும்.

கோப்பு வந்ததும் கூட்டிப் பார்க்க ஓடாதே. ஒரே நிறுத்தத்தில் மூன்று சீட்டு கொடுத்திருந்தால் மூன்று வரிசை இருக்கும், ஒன்றாக்கு. நள்ளிரவு 12:00-ல் குவியல் தெரிந்தால் நேரமே எழுதப்படவில்லை என்று பொருள். காலியான சோதனைக் கட்டத்தை 'இல்லை' என்று நிரப்பாதே.

இப்போது தலைவருக்குப் பதில். இருட்டில் ஓட்டுநரின் முகம் தெரியாது, இல்லையா? குரோகர், ரிட்ஜ்வே என்ற இரண்டு ஆய்வாளர்கள் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரப் போலீஸ் பதிவுகளை வைத்து 2006-ல் எழுதிய முறை இதில்தான் நிற்கிறது. மாலை ஆறரை டிசம்பரில் இருட்டு, ஜூனில் வெளிச்சம். அதே நேரம், ஏறக்குறைய அதே சாலைக் கூட்டம். வருடத்தில் சில நாள் இருட்டாகவும் சில நாள் வெளிச்சமாகவும் இருக்கிற நேரம் வேண்டும், உன் பகுதிக்குச் சுமார் மாலை 5:10 முதல் இரவு 9 மணிவரை எடுத்துக்கொள். சூரியன் மறைந்த முதல் அரைமணியைத் தள்ளிவிடு. அது இரண்டுங்கெட்டான் நேரம். கால்மணிக் கூறுகளாகப் பிரித்து, நிறுத்தப்பட்டவர்களில் கறுப்பினத்தவர் பங்கு வெளிச்சத்தில் கூடுகிறதா என்று பார். கூடினால் முகத்தைப் பார்த்து நிறுத்துகிறார்களோ என்று கேட்கலாம். யார் ஊர்க்காரர் என்ற கேள்வியே இங்கே எழாது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கடியாரத்தை ஒரு மணி நேரம் மாற்றும் வாரங்களை மட்டும் தனியாகவும் பார்க்கலாம், ஆனால் சின்ன ஊரில் வரிசைகள் போதாமல் போகும். சில வருடங்களைச் சேர். தெருவிளக்கு பளிச்சென்று எரியும் சாலையில் இந்த முறை தடுமாறும். ஓக்லண்டில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. உனக்கும் அப்படியே வந்தால் அப்படியே சொல். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஏறத்தாழ பத்துக் கோடி நிறுத்தங்களை அலசி 2020-ல் வெளியிட்டபோது, இருட்டியபின் கறுப்பினத்தவரின் பங்கு குறைந்தது தெளிவாகவே தெரிந்தது.

சோதனைகளையும் பார். கைதானதால் செய்தவை, வண்டியை இழுத்துப் போகும்போது செய்தவை இரண்டையும் கழி. அவை அதிகாரியின் சந்தேகத்தில் நடந்தவை அல்ல. மிச்சத்தில் எத்தனையில் போதைப்பொருள், ஆயுதம் மாதிரித் தடைசெய்யப்பட்ட பொருள் கிடைத்தது என்று இனவாரியாகப் போடு. ஒரு இனத்தாரிடம் குறைவாகக் கிடைத்தால், அவர்களைக் குறைந்த சந்தேகத்திலேயே சோதித்திருக்கலாம். உனக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஃபெர்குசன் ஊரில் மத்திய அரசின் நீதித் துறை (கோர்ட் அல்ல, அமைச்சகம்) 2015-ல் கண்டது இதுதான்: கறுப்பின ஓட்டுநர்கள் சோதனையிடப்படும் வாய்ப்பு வெள்ளையரைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது, ஆனால் அவர்களிடம் பொருள் கிடைத்தது வெள்ளையரைவிட 26 சதவீதம் குறைவு. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது வசந்தி. ஒன்றுமே இல்லாமல் ரோட்டோரம் நிறுத்திவைக்கப்பட்டு, பிள்ளைகள் பார்க்க டிக்கியைத் திறந்துகாட்டியவர்கள் எத்தனை பேர்!

மனுவை எழுதி எனக்கு அனுப்பு, வியாழனுக்குள் பார்த்துத் தருகிறேன். அடுத்த கூட்டத்துக்குச் சுந்தரியையும் கூட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
கல்யாணி