அத்திவாரத்துக்கு முன் கான் வெட்டுங்கள்

மலையக வீடமைப்புக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும் பொறியியலாளர்களுக்கும்,

வணக்கம்.

ஒரு தோட்டக் குடும்பத்துக்கு 7 பேர்ச் (ஏறத்தாழ 1,900 சதுர அடி) காணி, 550 சதுர அடி வீடு என்ற கணக்கு உங்களுக்குத் தெரியும். 2014இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் நடந்த மண்சரிவும், 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டைப் படுத்திய பாடும் தெரியும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறோம். இந்த மழையிலும் புதிய வீடுகளின் பின்சுவரில் மண்மேடு சரிந்து கிடக்கிறது. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: மண்ணைத் தாங்கும் தடுப்புச் சுவரும், மழைத்தண்ணீர் வடியும் கானும் வீட்டுச் செலவு மதிப்பீட்டுக்குள் வரவேண்டும். அவை முடிந்த பிறகே அத்திவாரம் போடவேண்டும்.

25 பாகைச் சரிவில் 10 அடி உள்ளே போனால் நாலரை அடிக்கு மேல் உயரம் ஏறும். வீடு, பின்வழி, முன்வாசல் எல்லாம் சேர்ந்து 30 அடி சமதரை வேண்டுமென்றால் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 14 அடி வித்தியாசம். பெக்கோ (மண்வெட்டும் இயந்திரம்) வந்து பின்னால் 7 அடி வெட்டுகிறது, வெட்டிய மண்ணை முன்னால் தள்ளுகிறது. தேயிலை வேரையும் கட்டையையும் பொறுக்கி எடுத்து, அரை அடி அரை அடியாக மண் போட்டு இறுக்கினால்தான் அந்த நிரப்பு நிற்கும். இறுக்குவதில்லை. பாதி வீடு கெட்டி மண்ணிலும் பாதி வீடு தளர்ந்த மண்ணிலும் நிற்கிறது. முதல் மழைக்காலத்திலேயே முன்னறை இறங்கி, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடுகிறது. பூசினாலும் மறுபடி வெடிக்கும், இறங்குவது தரை.

பின்பக்கம் இதைவிட மோசம். வெட்டிய மண்சுவருக்கும் குசினிக்கும் இடையில் மூன்றடி. அதில் கான் இல்லை. மேலிருந்து வரும் தண்ணீர் அங்கேயே தேங்கி அடிக்கல் வரிசைக்குள் ஊறுகிறது. குசினித் தரையோரம் செம்மண் தண்ணீர் கசிகிறது, சுவரில் ஈரக்கோடு அடுப்புத் திட்டு வரை ஏறுகிறது. கதவடியில் மண் நிரப்பிய உரச்சாக்கு, பக்கத்தில் மண்வெட்டி. மழை இரவில் வீட்டில் ஒருவர் விழித்திருந்து மண்ணை அள்ளிக் கொட்டவேண்டும். ஆறங்குலக் கல்லுச் சுவர் கூரையைத் தாங்கக் கட்டியது. மலையைத் தாங்க அல்ல. போதாததற்கு, மேல் வரிசை வீட்டின் மலகூடக் குழி இந்த வெட்டுக்கு நேர் மேலே. அந்தத் தண்ணீரும் இதே மண்ணுக்குள்தான் இறங்குகிறது.

செய்யவேண்டியது பெரிய வித்தையல்ல. 7 அடி உயரம், 25 அடி நீளம், அடியில் மூன்றரை அடி, உச்சியில் ஒன்றரை அடி அகலம்: அத்திவாரம் நீங்கலாக ஏறக்குறைய நாலரைக் கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) கருங்கல் கட்டு. சுவருக்குப் பின்னால் ஓரடிக்குச் சல்லிக்கல், ஐந்தடிக்கு ஒரு இரண்டங்குலக் குழாய். குழாய் வைக்காத சுவரைத் தண்ணீரே தள்ளி விழுத்தும். வெட்டுக்கு மேலே குறுக்காக ஒரு கொங்கிரீட் கான். அது இயற்கை ஓடையில் போய் விழவேண்டும், அடுத்த வீட்டு வாசலில் அல்ல. இதையெல்லாம் 'பயனாளி பின்னர் செய்துகொள்வார்' என்று விட்டுவிடுகிறீர்கள். நாட்சம்பளத்தில் எந்தக் குடும்பம் நாலரைக் கியூப் கட்டு வேலை செய்யும்?

தேயிலை மலையில்கூடக் கான் வெட்டித்தான் கன்று நடுவார்கள். செடிக்குக் காட்டும் கவனம் அதைக் கொய்கிறவர்களின் வீட்டுக்கு இல்லை. வீட்டுக்கென்று ஒதுக்கும் இடமும் பெரும்பாலும் தேயிலைக்கு உதவாத செங்குத்துத் துண்டுதான். லயத்தின் வரிசை அறைகளை விட்டு வெளியே வர இத்தனை தலைமுறை காத்திருந்தவர்களுக்கு இதையா கொடுப்பது? தோட்டத்தின் சமமான நிலம் யாருக்காக இருக்கிறது?

கோபத்தைப் பொறுத்தருளுங்கள். வீடுகள் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இன்னும் ஆயிரக்கணக்கில் வேண்டும். அடுத்த தொகுதிக்கு விலைமனு கோருமுன் தடுப்புச் சுவர், மேற்கான், மலகூடக் குழியின் இடம் மூன்றையும் வரைபடத்திலும் மதிப்பீட்டிலும் சேருங்கள். மண்சரிவு ஆய்வறிக்கையில் எழுதிய நிபந்தனைகள் நிறைவேறியதைத் தளத்தில் பார்த்த பிறகே அத்திவாரத்துக்கு அனுமதியுங்கள். ஏற்கெனவே குடியேறிய வீடுகளுக்கு முதலில் மேற்கானையாவது ஐப்பசி மழைக்கு முன் வெட்டித் தருமாறு தயவாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மலையக வீட்டு வேலைத் தளங்களின் மேசன்மார்