ஏழு அளவுகளும் தொலைந்துபோன ஒரு பெட்டியும்

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உன் கருத்தரங்கு உரையின் வரைவையும், அதனுடன் அனுப்பியிருந்த 2018ஆம் ஆண்டு ஆய்வுக்கட்டுரையையும் நிதானமாகப் படித்து முடித்தேன். "பசிபிக் தீவில் கிடைத்தவை விமானி அமெலியா ஏர்ஹார்ட்டின் எலும்புகளே என்பது 99 சதவீதம் உறுதியாகிவிட்டது" என்று உன் உரை தொடங்குகிறது. அந்த வாக்கியத்தை நீ எடுத்துவிட வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே மறித்துப் பேசுவாய் என்பதால் எழுத்தில் சொல்கிறேன். ஆயுள் முழுவதும் மாணவர்களுக்கு எலும்பைக் கையில் கொடுத்து உடற்கூறு கற்பித்தவன் என்ற உரிமையில் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நிகழ்ச்சி உனக்குத் தெரியும். 1937 ஜூலை 2 அன்று, நியூகினியின் லே நகரிலிருந்து லாக்ஹீட் எலக்ட்ரா விமானத்தில் கிளம்பிய அமெலியாவும் வழிகாட்டி ஃபிரெட் நூனனும், 4,100 கிலோமீட்டருக்கு அப்பால் நடுக்கடலில் கிடந்த ஹவ்லாந்து என்னும் சிறு தீவைப் போய்ச் சேரவில்லை. உலகைச் சுற்றிவரும் அதே பயணத்தில், இரண்டு வாரங்களுக்கு முன்புதான் கராச்சியிலிருந்து பறந்து வந்து கல்கத்தாவின் டம்டம் விமான நிலையத்தில் மழைக்கு நடுவே இறங்கிச் சென்றிருந்தார்கள். தீவருகே காத்திருந்த இடாஸ்கா என்ற கடலோரக் காவல் கப்பலுக்கு அமெலியாவின் குரல் உரக்கக் கேட்டது. கப்பலின் குரலோ அவருக்கு எட்டவில்லை. 157-337 என்ற திசைக்கோட்டில் பறப்பதாக அவர் சொன்னதே கடைசிச் செய்தி. அந்தக் கோட்டைத் தென்கிழக்காக நீட்டினால், ஏறத்தாழ 650 கிலோமீட்டர் தொலைவில், அன்று கார்ட்னர் என்றும் இன்று நிகுமரோரோ என்றும் வழங்கும் பவளத்தீவின் அருகே போகிறது. எரிபொருள் தீர்ந்து கடலில் விழுந்து மூழ்கினார்கள் என்பதே பலரும் ஏற்கும் கருத்து. அதை மறுத்து, இந்தத் தீவில் இறங்கி உயிர்விட்டார்கள் என்று சொல்பவர்களிடம் மட்டுமே எலும்பு என்ற சான்று இருந்தது. "இருந்தது" என்று இறந்தகாலத்தில் நான் எழுதுவதைக் கவனி.

1940இல் அந்தத் தீவின் குடியேற்றத்தைக் கவனித்துவந்த பிரிட்டிஷ் அதிகாரி ஜெரால்ட் கல்லகர், குடியேறியவர்கள் முன்பே கண்டெடுத்துப் புதைத்திருந்த ஒரு மண்டையோட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு, அந்த இடத்தில் தேடி மேலும் சில எலும்புகளையும், பெண்ணுடையதாக அவர் கருதிய ஒரு காலணியின் அடிப்பகுதித் துண்டையும், கடலோடிகள் பயன்படுத்தும் செக்ஸ்டன்ட் கருவியின் காலிப் பெட்டியையும், ஒரு பெனடிக்டின் மதுப்புட்டியையும் கண்டார். அது அமெலியாவாக இருக்கலாம் என்ற ஐயம் அவருக்கு அப்போதே எழுந்தது. மேலிடத்துக்குத் தந்தியும் அடித்தார். மேலிடம் விஷயத்தை இரகசியமாக வைக்கச் சொன்னது. எலும்புகள் பெட்டியில் அடைக்கப்பட்டு ஃபிஜியின் சுவா நகருக்குப் போயின. கல்லகர் 1941இல், முப்பது வயதுகூட நிறையாமல், அதே தீவில் இறந்து அங்கேயே அடக்கமானார்.

சுவாவில் மத்திய மருத்துவப் பள்ளியின் முதல்வராக இருந்த மருத்துவர் ஹூட்லெஸ் 1941 ஏப்ரலில் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தார். மண்டையோடு, நான்கு பற்களுடன் கீழ்த்தாடை, ஒரு முதுகெலும்புக் கண்ணி, விலா எலும்புத் துண்டு, தோள்பட்டை எலும்பின் ஒரு பகுதி, கை, கால் எலும்புகள், வலப்பக்க இடுப்பெலும்பு என்று மொத்தம் 13. ஆண், ஏறத்தாழ 5 அடி ஐந்தரை அங்குல உயரம், கட்டுமஸ்தான உடல், நடுத்தர வயது என்று எழுதிக் கையொப்பமிட்டார். அதோடு கோப்பு மூடப்பட்டது. போர் நெருங்கிக்கொண்டிருந்த காலத்தில் எலும்புகள் எங்கே போயின என்று ஒருவரும் எழுதிவைக்கவில்லை. அறிக்கையின் நகல் மட்டும் 1990களின் இறுதியில் ஆவணக் காப்பகத்திலிருந்து வெளிவந்தது.

ஹூட்லெஸை உன் வரைவில் "பயிற்சியற்ற மருத்துவர்" என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டிருக்கிறாய். அது நியாயமாகாது. ஆணா பெண்ணா என்று அறிய இடுப்பெலும்பைவிட நல்ல எலும்பு உடலில் கிடையாது. அது அவர் கையில் இருந்தது, நம் கையில் இல்லை. இடுப்பெலும்பின் பின்புறத்தில் இருக்கும் பெரிய பள்ளத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்க்கும்படி மாணவர்களிடம் சொல்வேன்: விரல் இப்படியும் அப்படியும் அசைந்தால் பெண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம், இறுகிப் பிடித்தால் ஆண். ஹூட்லெஸ் அந்தப் பள்ளத்தைப் பார்த்தாரோ என்னவோ, அறிக்கையில் அவர் எடுத்துச் சொல்லும் காரணங்கள் வேறு. இடுப்பெலும்பின் முன்புறம் கீழே அமையும் கோணத்தின் பாதி, தொடையெலும்புகள் இடுப்போடு பொருந்தும் சாய்வு, நீண்ட எலும்புகளின் சுற்றளவுக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம் ஆகிய மூன்றையே அவர் நம்பினார். இவற்றில் கடைசியான விகிதம் பாலினத்தைச் சொல்ல உதவாது என்பது இன்று தெளிவு. உயரத்தைக் கணக்கிட அவர் காலத்தில் வழங்கிய சூத்திரமும் உயரத்தைக் குறைத்தே காட்டக்கூடியது. ஆகவே அவர் முடிவை ஐயுறலாம். தூக்கி எறிய முடியாது. 2015இல் கிராஸ், ரைட் என்ற இரு ஆய்வாளர்கள், ஹூட்லெஸ் தகுதியுள்ளவர், அவர் முடிவே நிற்கும் என்று வாதிட்டதையும் நீ படித்திருப்பாய். அவர்களை ஓர் அடிக்குறிப்பில் ஒதுக்கியிருப்பது எனக்கு உடன்பாடில்லை.

இனி உன் 99க்கு வருவோம். நீ அனுப்பிய 2018 கட்டுரையை எழுதிய டென்னசி பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஜான்ட்ஸ், எலும்பு அளவுகளைக் கொண்டு ஆளின் பாலினத்தையும் மரபுப் பின்னணியையும் கணிக்கும் ஃபோர்டிஸ்க் என்ற கணினி நிரலை உருவாக்கியவர்களில் ஒருவர். அவருடைய திறமையில் எனக்குத் துளியும் ஐயமில்லை. ஆனால் அவரிடம் இருந்தவை ஹூட்லெஸ் குறித்துவைத்த ஏழே ஏழு அளவுகள்: மண்டையோட்டில் நான்கு, மேற்கை எலும்பு 32.4 சென்டிமீட்டர், முன்கையின் ரேடியஸ் எலும்பு 24.5, காலின் டிபியா எலும்பு 37.2. அந்த அளவுகளை எந்தக் கருவியால் எடுத்தார், எங்கே வைத்துத் தொடங்கினார், மண்டையோடு அப்போது எவ்வளவு சிதைந்திருந்தது என்று இன்று கேட்க வழியில்லை. இந்த நீளங்களோடு ஒப்பிட 2,776 பேரின் அளவுகளை ஜான்ட்ஸ் எடுத்துக்கொண்டார். அவர்களில் 18 பேர் மட்டுமே அமெலியாவைவிட அந்த எலும்புகளுக்கு நெருங்கி வந்தார்கள். மற்ற எல்லாரும் விலகியே நின்றார்கள். அந்தப் பட்டியலில் அமெலியாவின் இடம் 19. நீ எழுதிய 99 சதவீதம் இங்கிருந்துதான் வருகிறது.

அதன் பொருள், அமெலியா அந்த எலும்புகளுக்குப் பட்டியலில் உள்ள 99 சதவீதம் பேரைவிட அதிகமாகப் பொருந்துகிறார் என்பது மட்டுமே. எலும்புகள் அவருடையவையாக இருக்க 99 சதவீத வாய்ப்பு என்பது முற்றிலும் வேறு கூற்று. சாதகத்தில் பத்துப் பொருத்தத்தில் ஒன்பது கூடிவந்துவிட்டது என்பதற்காக மாப்பிள்ளை இவர்தான் என்று பத்திரிகை அடித்துவிட முடியாது; அதே ஒன்பது பொருத்தத்தோடு ஊரில் இன்னும் சிலர் இருப்பார்கள். இங்கே அவரைவிட நன்றாகப் பொருந்துகிற 18 பேர் பட்டியலிலேயே இருக்கிறார்கள்; அவர்களில் யாரும் நிகுமரோரோவில் இறக்கவில்லை என்பது நமக்குத் தெரியும். ஜான்ட்ஸ் கவனமானவர். அதனால்தான், தீவில் தற்செயலாக வந்து சேர்ந்த யாரோ ஒருவரைவிட அமெலியாவாக இருக்க 84 மடங்காவது வாய்ப்பு அதிகம் என்று நிகழ்தகவு விகிதமாகச் சொல்கிறார். அந்த "யாரோ ஒருவர்" யார் என்பதில்தான் சிக்கல். அதே தீவின் பவளத்திட்டில் 1929இல் நார்விச் சிட்டி என்ற சரக்குக் கப்பல் மோதி நொறுங்கியது. அதில் 11 பேர் இறந்தார்கள். தீவில் இறந்திருக்கக்கூடியவர்களின் பட்டியலை முதலில் எழுதிவிட்டுப் பிறகு விகிதத்துக்கு வருவதே முறை. கணிப்பொறியில் உள்ள 2,776 பேர் அந்தப் பட்டியல் ஆகமாட்டார்கள்.

ஒப்பீட்டின் மறுபக்கமும் உறுதியான தரையில் நிற்கவில்லை. அமெலியாவின் எலும்புகளை யாரும் அளந்ததில்லை அல்லவா? கையில் எண்ணெய் டின்னைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்கும் ஒரு புகைப்படத்தில், அந்த டின்னின் அளவைக் கொண்டு கை எலும்புகளின் நீளத்தை மதிப்பிட்டிருக்கிறார்கள். பர்டூ பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படும் அவருடைய கால்சட்டையின் உட்தையல் நீளத்தை அளந்து டிபியாவைக் கணித்திருக்கிறார்கள். அழகான துப்பறிவு இது; படிக்கும்போது நானே கைதட்டினேன். ஆயினும் மதிப்பீட்டை மதிப்பீட்டோடு ஒப்பிடுகிறோம் என்பதை உன் கேட்போருக்குச் சொல்லாமல் விடக்கூடாது.

மரபணுவைப் பற்றி நீ எழுதியிருக்கும் பகுதி நன்றாக இருக்கிறது, கொஞ்சம் சேர்த்துக்கொள். அமெலியாவுக்குப் பிள்ளைகள் இல்லை. தாய்வழியே இறங்கும் மைட்டோகாண்ட்ரியா மரபணு அவருடைய தங்கை மியூரியலின் மகள் வழியில் இருப்பதால் ஒப்பிட ஆள் உண்டு. ஒப்பிடப் பொருள்தான் இல்லை. 2010இல் அந்தத் தீவில் கிடைத்த ஒரு சிறு எலும்புத் துண்டு விரல் எலும்பாக இருக்கலாம் என்று ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்குப் போனது. அது மனித எலும்பா, ஆமையின் எலும்பா என்றுகூட முடிவாகச் சொல்ல முடியவில்லை. வெப்பமும் ஈரமும் உப்பும் சேர்ந்த மண்ணில் மரபணு வேகமாகச் சிதையும். போதாததற்குத் தேங்காயையே உடைக்கும் நண்டுகள் வேறு. சோதனைக்காகப் பன்றியின் உடலைப் போட்டுப் பார்த்தபோது தசையைத் தின்றதோடு எலும்புகள் சிலவற்றை இழுத்தும் சென்றன. 2017இல் பயிற்சி பெற்ற நான்கு மோப்ப நாய்களைக் கொண்டுபோய், அவை நின்று காட்டிய இடத்தின் மண்ணை அள்ளிவந்தார்கள், எலும்பு கிடைக்கவில்லை. அமெலியா நாவால் ஈரப்படுத்தி ஒட்டிய கடித உறைகளிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுக்கும் முயற்சி கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் நடந்தது. உறையை ஒட்டியவர் அவருடைய செயலாளராக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் கூடவே எழுந்தது!

நிகுமரோரோவில் 1991இல் கிடைத்த அலுமினியத் தகட்டையும் உன் உரையில் சேர். அமெலியாவின் விமானச் சன்னலை அடைத்த ஒட்டுத் தகடு அது என்று பல்லாண்டு நம்பியிருந்தார்கள். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அணு உலையில் நியூட்ரான் கதிரால் அதைப் படமெடுத்தபோது, கண்ணுக்குத் தெரியாதபடி அழிந்திருந்த வண்ண எழுத்துகள் தெரிந்தன. நியூட்ரான் அலுமினியத்தைத் தடையின்றிக் கடந்துவிடும். வண்ணத்தில் உள்ள ஹைட்ரஜனில் தடுக்கப்படும். பிறகு ஆணித்துளைகளின் வரிசையை ஒப்பிட்டபோது, அது இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சி-47 விமானத்தின் இறக்கைத் தகடு என்று தெரியவந்தது. இந்த வழக்கு முழுவதிலும் தடய அறிவியல் தெளிவாகப் பதில் சொன்ன இடம் இது என்பேன். பதில் "இல்லை" என்று வந்ததால் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

ஒப்புநோக்க, பிரெஞ்சு விமானி அந்துவான் த செந்தெக்சுபெரியின் வழக்கைப் பார். 1944 ஜூலை 31 அன்று மத்தியதரைக் கடலின் மேல் மறைந்தவர். 1998இல் மார்சேய் அருகே ஒரு மீனவரின் வலையில் அவர் பெயர் பொறித்த வெள்ளிக் காப்பு சிக்கியது. 2000இல் அந்தப் பகுதியில் ஒரு முக்குளிப்பாளர் பி-38 விமானத்தின் சிதைவுகளைக் கண்டார். அவற்றை வெளியே எடுத்துத் துடைத்தபோது தெரிந்த 2734 என்ற உற்பத்தி எண்ணே 2004இல் அது அவருடைய விமானம் என்று நிறுவியது. புள்ளியியல் எதுவும் தேவைப்படவில்லை. விமானம் எது என்று தெரிந்த பிறகும், அது ஏன் விழுந்தது என்பதை அந்தச் சிதைவுகள் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்.

உன் உரையின் முடிவில் "புதிய தொழில்நுட்பம் வந்தால் இந்தப் புதிர் விடுபடும்" என்று எழுதியிருக்கிறாய். தொழில்நுட்பம் எப்போதோ வந்துவிட்டது, மகளே. அமெலியா நாட்பட்ட சைனஸ் நோயால் அவதிப்பட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்; அந்த மண்டையோடு கிடைத்தால் கன்னத்தெலும்புக்குப் பின்னால் அதன் தடம் இருக்கிறதா என்று ஒரு எக்ஸ்ரேயில் பார்த்துவிடலாம், அதற்குப் பிறகு ஒரு பல் போதும், மியூரியலின் வழியினரோடு ஒப்பிட. தேட வேண்டியது சுவாவில் 1941இல் மூடப்பட்ட அந்தப் பெட்டியை. ஆகவே உன் முதல் வாக்கியத்துக்கு நான் சொல்லும் மாற்று இது: "தொலைந்துபோன 13 எலும்புகளைப் பற்றி 1941இல் எழுதப்பட்ட ஏழு அளவுகள், அமெலியா ஏர்ஹார்ட் என்ற சாத்தியத்தோடு நன்கு பொருந்துகின்றன, அதற்குமேல் அவற்றால் செல்ல முடியாது." கைதட்டல் குறையும். கேள்வி நேரத்தில் உன்னை யாரும் மடக்க முடியாது.

அந்த 18 பேரில் எத்தனை பேர் ஆண்கள், எத்தனை பேர் பெண்கள் என்று கட்டுரையின் அட்டவணையில் இருந்தால் பார்த்து எழுது. திருத்திய வரைவை உரைக்கு முன்பே அனுப்பு. அம்மா உன்னை ஞாயிற்றுக்கிழமை அழைக்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா