நடிக்கப் போன மகளுக்கு

அன்பு மகளுக்கு,

போன கிழமை நீ போனில் சொன்னதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒடிஷனுக்குப் போன இடத்தில், வசனத்தை ‘இந்தியர் பேசுகிற மாதிரி’ இங்கிலிஷில் பேசிக்காட்டச் சொன்னார்கள் என்றாய். அவுஸ்திரேலியாவில், மெல்பேர்ன் பக்கத்து டண்டினோங்கில் பிறந்து வளர்ந்த பிள்ளை நீ. உன் முகத்தைப் பார்த்து, உனக்குச் சொந்தமில்லாத ஒரு பேச்சைக் கேட்டிருக்கிறார்கள். கேட்ட எனக்கே நெஞ்சு சுட்டது, உனக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனால் கடைசியில், “பேசாமல் ரீச்சிங் படிக்கப் போகட்டோ அம்மா?” என்று கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். டெபோரா மெயில்மன் என்ற பூர்வகுடி நடிகையைப் பற்றிச் சொல்லப்போகிறேன். போனில் சொல்ல வெளிக்கிட்டால் நான் அழுதுவிடுவேன், நீயும் கதையை மாற்றிவிடுவாய்.

நீ என் வயிற்றில் இருந்த 2001ஆம் ஆண்டில்தான் சனல் டென்னில் ‘தி சீக்ரெட் லைஃப் ஒஃப் அஸ்’ என்ற ரிவி நாடகம் தொடங்கியது. மெல்பேர்னின் சென்ட் கில்டாவில் ஒரே அடுக்குமாடியில் இருக்கும் இளம் ஆட்களின் கதை. அதில் கெல்லி என்ற பெண்ணாக டெபோரா மெயில்மன் வருவார். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. ரிவியில் பாதிப் பேச்சு விளங்காது. ஆனாலும் கெல்லி வந்தால் கையில் இருந்த வேலையை வைத்துவிட்டுப் பார்ப்பேன். ஒரு பூர்வகுடிப் பெண்ணை அந்த நாடகம் குற்றவாளியாகவும் காட்டவில்லை, பரிதாபத்துக்கு உரியவளாகவும் காட்டவில்லை. காதல், வேலை, கூட்டாளிமார், நாளைக்கு என்ன செய்வது என்ற குழப்பம், இவைதான் கெல்லியின் பாடு. அந்த வேடத்துக்கு 2002இல் சிறந்த நடிகைக்கான லோகி என்ற ரிவி விருது மெயில்மனுக்குக் கிடைத்தது.

இதை மட்டும் சொன்னால் அவருக்கு எல்லாம் லேசாக வந்தது போலத் தோன்றும். அவர் பிறந்தது 1972இல், மவுண்ட் ஐசாவில். குயின்ஸ்லாந்தின் வடமேற்கில் செம்பும் ஈயமும் தோண்டி எடுத்துவந்த ஊர். பிரிஸ்பேனிலிருந்து காரில் போனால் 1,800 கிலோமீற்றர். அவருடைய அப்பா பிஜாரா என்ற பூர்வகுடி இனத்தவர், ரோடியோ என்ற குதிரைப் போட்டிகளில் ஓடியவர். அம்மா நியூசிலாந்திலிருந்து வந்த மவோரிப் பெண். அந்த ஊரிலிருந்து வந்து பிரிஸ்பேனில் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நடிப்புப் படித்து 1992இல் முடித்தார். அந்தக் காலத்து ரிவியில் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு எத்தனை வேடம் இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்.

அவர் போன் வரும்வரை காத்துக்கொண்டு இருக்கவில்லை. 1995இல், 23 வயதில், நாடக எழுத்தாளர் வெஸ்லி ஈனொக்குடன் சேர்ந்து ‘தி செவன் ஸ்டேஜஸ் ஒஃப் கிரீவிங்’ என்ற நாடகத்தை எழுதித் தானே நடித்தார். கூவெம்பா ஜடாரா என்ற சிறிய பூர்வகுடி நாடகக் குழுதான் அதை பிரிஸ்பேனில் மேடையேற்றியது. படிப்புக்கென்று நீ வாங்கி இங்கே விட்டுப்போன புத்தகம் உன் அறைத் தட்டில் இருந்தது. டிக்ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுக்க வாசித்தேன். மேடையில் ஒரு பெரிய ஐஸ்கட்டி ஏழு கயிற்றில் தொங்குகிறது. அது உருகி, புதிதாகக் கிளறிய புதைகுழியின் செம்மண்ணில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருக்கிறது. ஒரு பெண் தனியாக நின்று தன் ஆட்களின் சாவுகளைச் சொல்கிறாள். பாட்டியின் சாவு, பொலிஸ் பிடித்தபின் செத்துப்போன பெடியன், தாயிடமிருந்து பறிக்கப்பட்ட பிள்ளைகள். செத்தவர்களின் படங்களை ஒரு சூட்கேசுக்குள் வைத்திருக்கிறாள். இத்தனைக்கும் நடுவில் ஒரு சிரிப்பான இடம் உண்டு. உடுப்புக் கடைக்குள் நுழைந்ததும் எல்லாருடைய கண்ணும் தன்மேலேயே இருப்பதைச் சொல்லிச் சிரிக்கவைக்கிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றையும் பிசைந்தது. அப்பா இங்கே முதன்முதலில் சப்பாத்து வாங்கப் போன கடை நினைவுக்கு வந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். அவர்களுடைய கதையும் எங்களுடைய கதையும் ஒன்றல்ல. இது அவர்களின் நிலம். அதைப் பறிகொடுத்துவிட்டு அதே மண்ணில் வாழ்கிறவர்கள் அவர்கள். நாங்கள் வந்து ஏறியவர்கள், எங்களுக்கு இடம் கிடைத்தது. அதனால் அவருடைய பாதையை எடுத்து உன்மேல் போர்த்தச் சொல்லவில்லை. ஒரு நடிகையாக அவர் வேலை செய்த விதத்தைப் பார் என்கிறேன்.

1998இல் ‘ரேடியன்ஸ்’ படத்தில் நடித்ததற்கு ஏ.எஃப்.ஐ. என்ற அவுஸ்திரேலியத் திரைப்பட விருதில் சிறந்த நடிகையானார். அந்த விருதை வாங்கிய முதல் பூர்வகுடிப் பெண் அவர்தான். அதே காலத்தில் ஷேக்ஸ்பியரின் ‘கிங் லியர்’ நாடகத்தில் அரசனின் மகள் கோர்டீலியாவாகவும் நடித்தார். ‘ப்ளே ஸ்கூல்’ என்ற ரிவி நிகழ்ச்சியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பாடினார். இது பெரிய வேலை, அது சின்ன வேலை என்று அவர் தள்ளிவைத்ததாகத் தெரியவில்லை. பிறகு ‘ஒஃப்ஸ்பிரிங்’ தொடரில் செரி என்ற நேர்ஸ். அதை நாம் இருவரும் சோபாவில் இருந்து பார்த்திருக்கிறோம், நினைவிருக்கும்.

இன்னொன்றையும் கவனி. ‘ரேடியன்ஸை’ இயக்கியவர் ரேச்சல் பெர்கின்ஸ். பூர்வகுடிகளின் நில உரிமைக்காக வழக்காடிய எடி மாபோவின் வாழ்க்கையை 2012இல் ரிவிப் படமாக எடுத்தவரும் அவரே. அதில் மெயில்மன் மாபோவின் மனைவி பொனிட்டாவாக வந்தார். 2019இல் ஏ.பி.சி. ரிவியில் மெயில்மன் நடித்த ‘டோட்டல் கண்ட்ரோல்’ என்ற அரசியல் தொடர் தொடங்கியபோதும் இயக்குநர் பெர்கின்ஸ்தான். ஆரம்பத்தில் கூட இருந்தவர்கள் இருபது வருடம் கழித்தும் கூட இருக்கிறார்கள். உன்னோடு படித்தவர்களில் யார் எழுதுகிறார்கள், யார் கமரா பிடிக்கிறார்கள்? ஏஜென்டைவிட அவர்களோடு நிறையக் கதை.

‘டோட்டல் கண்ட்ரோலில்’ மெயில்மன் அலெக்ஸ் இர்விங் என்ற செனட்டர். குயின்ஸ்லாந்தின் வின்டன் ஊரிலிருந்து பாராளுமன்றம் இருக்கும் கான்பெராவுக்குப் போகிறவள். பிரதமராக வரும் ரேச்சல் கிரிஃபித்ஸ் இனிக்க இனிக்கப் பேசும்போது மெயில்மனின் முகத்தைப் பார். ஒன்றும் செய்யாதது போல இருக்கும். கண் மட்டும் மெல்ல இறுகும். ‘இவள் என்னைப் பாவிக்கப் பார்க்கிறாள்’ என்பது அவர் வாய் திறக்கும் முன்னமே எங்களுக்கு விளங்கிவிடும். கெல்லியாக அவர் கலகலவென்று சிரித்ததைப் பார்த்த எனக்கு, அந்த அமைதி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஆச்சரியமாக இருந்தது. அந்தத் தொடர் 2024இல் முடிந்தபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. நீ இருபத்துநாலு வயதில் எல்லாம் முடிந்துபோன மாதிரிக் கதைக்கிறாய், குஞ்சு.

ரீச்சிங் நல்ல வேலை. உனக்கு அதில் உண்மையாகவே ஆசை இருந்தால் நாளைக்கே போ, நான் சந்தோசமாக அனுப்புவேன். ஆனால் யாரோ உன்னிடம் கேட்கக்கூடாததைக் கேட்டார்கள் என்பதற்காகப் போகவேண்டாம். அப்படியான இடத்தில் “எனக்கு அந்தப் பேச்சு வராது” என்று சொல்லிவிட்டு வந்துவிடு. வேடம் போனால் போகட்டும். அம்மம்மா கொழும்பிலிருந்து தனியாகப் பிளேன் ஏறி வந்த கதையை நீ எழுதத் தொடங்கினாயே, கிறிஸ்மஸுக்கு வந்தபோது குசினியில் நின்று எனக்கு நடித்துக்காட்டினாய். கஸ்டம்ஸில் மிளகாய்த்தூள் பையைத் திறக்கச் சொன்ன இடத்தில் அம்மம்மாவின் கை நடுங்குவதை அப்படியே செய்தாய். அதை எழுதி முடி.

சிட்னியில் ஒரு சின்ன மண்டபத்துக்கு என்ன வாடகை என்று விசாரி. அந்தக் காசை நானும் அப்பாவும் போடுகிறோம், இது கடன் இல்லை. எந்த மாதம் என்று மட்டும் நேரத்தோடு சொல். அப்பா லீவு எடுக்கவேண்டும், அம்மம்மாவுக்கும் டிக்கெட் போடவேண்டும்.

அன்புடன்
அம்மா