தம்பி, அந்தத் தராசைக் கீழே வை

அன்புள்ள தம்பிக்கு,

"அக்கா, மார்மன் சபையில் இருக்கவா, போகவா?" என்று கேட்டு எழுதியிருந்தாய். ஒரு வாரம் பதில் போடாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. உன் பெயரை விட்டுவிட்டு, நீ சம்மதித்தபடி, பொதுவிலேயே எழுதுகிறேன். இதே கேள்வியோடு உன் வயதுக்காரர்கள் இன்னும் சிலர் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

நீ படித்தது எதிரிகள் எழுதியதை இல்லை. சபையே 2013 முதல் தன் தளத்தில் போட்ட கட்டுரைகளைத்தான். சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்துக்கு 30, 40 மனைவிகள் வரை இருந்திருக்கலாம் என்பதும், அதில் ஒரு பெண்ணுக்கு 15 வயது முடியச் சில மாதங்கள் பாக்கி இருந்தன என்பதும் அங்கேதான் இருக்கின்றன. நம் வேதங்களில் ஒன்றான ஆபிரகாம் புத்தகத்துக்கு மூலம் என்று நமக்குச் சொல்லப்பட்ட பாப்பிரஸ் சுருள்களில் மிஞ்சிய துண்டுகள் 1967இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலிருந்து சபையிடம் வந்தன. அவை பழைய எகிப்தில் பிணத்தோடு வைத்துப் புதைத்த சடங்கு எழுத்துகள், ஆபிரகாமின் பெயரே அவற்றில் இல்லை என்பதையும் சபையே ஒப்புக்கொள்கிறது. அப்புறம் அந்தக் கல். தொப்பிக்குள் கல்லைப் போட்டு, அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு மார்மன் புத்தகத்தை வாய்மொழியாகச் சொன்னார் ஜோசப். 2015இல் அந்தக் கல்லின் புகைப்படத்தையே வெளியிட்டார்கள்.

மிஷனில், அதாவது ஊழியத்துக்குப் போன இரண்டு வருஷம், நீ வீடு வீடாகக் காட்டியது வேறு படம். மேஜை மேல் மார்மன் புத்தகத்தின் மூலம் என்று சொல்லப்படும் தங்கத் தகடுகள், அவற்றை விரலால் தடவிப் படிக்கிற ஜோசப். உனக்குத் தூக்கம் போனது இதனால்தான் என்று நினைக்கிறேன். ஒரு சரித்திரப் பிழை யாரையும் இத்தனை நாள் விழிக்க வைக்காது. அதை உன் வாயால் சொல்லியிருக்கிறாய், அதுதான் குத்துகிறது.

2003இல் அப்போதைய சபைத் தலைவர் கார்டன் ஹிங்க்லி மாநாட்டு மேடையில் பேசியது உனக்கும் தெரிந்திருக்கும். சபை ஒன்று உண்மையானது, இல்லையென்றால் மோசடி, நடுவே இடம் கிடையாது என்றார். நாம் எல்லோரும் அந்தத் தராசோடு வளர்ந்தவர்கள். சபையை விட்டு வெளியே வருகிறவர்கள் நிறைய விஷயங்களை விட்டுவிட்டு வருகிறார்கள், இந்தத் தராசை மட்டும் பத்திரமாகக் கையோடு எடுத்து வந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான். நேற்று வரை எல்லாம் உண்மை, இன்று காலை முதல் எல்லாம் பொய். கடைசிக் கட்டுரையைப் படித்து முடித்த இரண்டாம் வாரமே உறுப்பினர் பதிவிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லிக் கடிதம் அனுப்பிவிட்டேன். உன் அத்தானிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் அதை எங்கள் உள்ளூர் சபையை நடத்துகிற பிஷப் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

சபை எனக்குச் செய்தது என்று இதை யார் தலையிலும் போட முடியாது. செய்தது நான். நான் விலகியதை அவர் ஆறு மாதத்தில் ஏற்றுக்கொண்டார். சொல்லாமல் செய்ததை ஏற்க ஐந்து வருஷம் ஆனது.

அதனால் உன் கேள்வியை இரண்டாகப் பிரித்துப் பார். கடவுளைப் பார்த்ததாகச் சொன்ன ஜோசப்புக்கு 1820இல் நியூயார்க் தோப்பில் என்ன நடந்தது என்பது ஒன்று. இந்த ஞாயிற்றுக்கிழமை உன் வார்டில், அதாவது உன் உள்ளூர் சபையில், போய் உட்கார முடியுமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு உன் பதில் ஏறக்குறைய முடிவாகிவிட்டது, உன் எழுத்திலேயே தெரிகிறது. இரண்டாவதற்கு அவசரம் இல்லை. உன் அம்மா ஆபரேஷனுக்குப் பிறகு படுத்திருந்தபோது மூன்று வாரம் சாப்பாடு கொண்டுவந்தவர்களும், சம்பளமே வாங்காமல் ராத்திரி பதினொரு மணிக்கு வந்து கதவைத் தட்டிய பிஷப்பும் எந்தப் பாப்பிரஸையும் நம்பி வரவில்லை. (அந்த அன்பிலும் அட்டவணை போட்டு வருகிற அன்பு கொஞ்சம் உண்டு. நான் விலகியபின் என்னைத் தேடி வந்தவர்கள் இரண்டே பேர்.)

ஆனால் உள்ளே இருந்து மாற்றப்போகிறேன் என்று மட்டும் தங்காதே. கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் இல்லை என்ற தடை 1852 முதல் 1978 வரை நீடித்தது. தன்பாலினத் தம்பதியரின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் இல்லை என்று 2015இல் வந்த விதியை 2019இல் எடுத்துவிட்டார்கள். மாற்றம் வருகிறது, மேலே இருக்கிற 15 தலைவர்கள் வழியாக, கடவுளின் வெளிப்பாடு என்ற பெயரில் வருகிறது. கீழே இருந்து கேட்டவர்களுக்கு நன்றி சொல்லும் வழக்கம் கிடையாது. 1993 செப்டம்பரில் ஆறு அறிஞர்கள் மேல் நடவடிக்கை எடுத்து, ஐந்து பேரை வெளியேற்றினார்கள். அந்த பெஞ்சில் உட்காரப் பிடித்திருந்தால் இரு. அதற்கு மேல் காரணம் தேடாதே.

சரி, நடைமுறைக்கு வருவோம். நீ படிக்கிற, சபை நடத்துகிற ப்ரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் வேறு மதத்தவர் படிக்கலாம், உறுப்பினராக இருந்து விலகியவர் படிப்பைத் தொடர முடியாது. உனக்கு இன்னும் இரண்டு செமஸ்டர் பாக்கி. கடிதம் கிடிதம் எதையும் இப்போது அனுப்பாதே. இது கோழைத்தனம் என்று உன் நண்பர்கள் சொல்வார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. மனதில் இருப்பதைச் சொன்னால் பட்டம் போய்விடும் என்ற நிலையில் வாய் மூடி இருப்பது பொய்யில் சேராது. மாதத்தின் முதல் ஞாயிறு சாட்சி சொல்ல மேடையேறி "இந்தச் சபை உண்மையென்று அறிவேன்" என்று சொன்னால்தான் பொய். ஏறாதே. பிஷப் நேராகக் கேட்டால் மழுப்பாதே. அதுவும் முடியாது என்றால், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுவது பற்றி இப்போதே விசாரி. எத்தனை கிரெடிட் போகும் என்று தெரிந்தாலே பாதி பயம் குறையும்.

உன் தங்கை கல்யாணம்தான் எனக்கு இதைவிடக் கவலை. ஆலயத்துக்குள் நடக்கிற கல்யாணத்துக்கு ரெக்கமெண்ட் என்கிற அனுமதிச் சீட்டு இல்லாதவர் போக முடியாது. ரெக்கமெண்ட் வேண்டுமென்றால் பிஷப் முன்னால் விசுவாசக் கேள்விகளுக்கு ஆம் சொல்ல வேண்டும், தசமபாகமும் முழுதாகக் கட்டியிருக்க வேண்டும். அவளுக்காக ஒருமுறை ஆம் சொல்லிவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். நீ வேறொன்று செய்யலாம். முன்பெல்லாம் அமெரிக்காவில் வெளியே கல்யாணம் செய்துகொண்டால் ஆலயத்தில் என்றைக்குமாக இணைக்கப்படும் சடங்குக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். 2019 மே மாதம் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். வெளியே எல்லோர் முன்னாலும் ஒரு கல்யாணம், பிறகு ஆலயம் என்று அவள் வைத்துக்கொள்ளலாம். அவளிடம் கேள். ஆனால் கேட்பதற்கு முன் ஏன் கேட்கிறாய் என்று சொல்ல வேண்டியிருக்கும். அவளுக்கும் முன்னால் அம்மாவுக்குச் சொல். வேறு யார் வாயாலும் அம்மாவுக்கு அது போய்ச் சேரக் கூடாது.

வெள்ளிக்கிழமை ப்ரோவோவில் ரயில் ஏறி சால்ட் லேக் வந்துவிடு. உன் அத்தானும் வீட்டில் இருப்பார். அவர் இன்னும் ஞாயிறு தவறாமல் போகிறவர், ஏன் போகிறார் என்று அவரிடமே கேள், என்னைவிட நன்றாகச் சொல்வார். எனக்குச் சபை விலக்கிவைத்த காப்பி, அவருக்குக் கோகோ. உனக்கு எதைப் போடுவது என்று வந்த பிறகு சொன்னால் போதும்.

அன்புடன்,
அக்கா