முன்வரிசை யாருக்கு? சுதந்திர தின விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் சுதந்திர தின விழாவன்று நடந்ததை நான் விளக்க வேண்டியதில்லை. மேடையிலிருந்து நீங்களே பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். நாட்டை உருவாக்கிய பெருமக்களுக்கு நன்றி சொல்லும் விழா என்று அழைப்பிதழில் அச்சிட்டிருந்தீர்கள்.

முன்வரிசையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். பேராக் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் புத்தகம், ஓரமெல்லாம் பழுத்துப் போயிருந்தது. அந்தச் சங்கத்தைத் தொடங்கிய, மலேசிய இந்திய காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தனைப் பற்றிப் பேசும்போது பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று எடுத்து வந்தாராம். உங்கள் தொண்டர் வந்து, “பாட்டி, இது டத்தோ குடும்பத்துக்கு ஒதுக்கிய இடம்” என்று எழுப்பிவிட்டார். பின்னால் நாற்காலி இல்லை. தூணில் சாய்ந்து நின்றார். டத்தோ பட்டம் பெற்ற அந்தப் பிரமுகர் வெகுநேரம் கழித்து வந்தார்; குடும்பம் வரவேயில்லை. பெயர் அட்டை ஒட்டிய நாற்காலிகள் கடைசிவரை காலியாகவே கிடந்தன.

அந்தப் புத்தகம் என்னவென்று உங்களுக்குத் தெரியாதா? வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுக் கிளம்பியபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடினார்கள். வேலை போனால், தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். அமைச்சராக இருந்த சம்பந்தன் 1960இல் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டாளிகளைப் பங்கு சேரச் சொன்னார். மாதம் 10 வெள்ளி, அதாவது அன்றைய மலாயா டாலர். நாளுக்குச் சில வெள்ளி கூலி வாங்கியவர்கள் அரிசிக் கடனை வைத்துக்கொண்டே அதைக் கட்டினார்கள். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அந்தக் காசில் வாங்கியது. சம்பந்தனின் பெருமையைப் பேசுகிறவர்கள், அவரை நம்பிப் பணம் கட்டியவரை நிற்க வைக்கலாமா? முன்வரிசையைப் பெரியவர்களுக்கு விடுங்கள்.

நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தம் சொத்தை விற்றுக் கட்சி நடத்தினார். சம்பந்தன், சுங்கை சிப்புட்டில் தகப்பனார் விட்டுச்சென்ற ரப்பர் நிலங்களை விற்று விற்றுச் சமூகத்துக்குச் செலவழித்தார். அரசியலுக்கு வந்து சொத்தை இழந்த தலைமுறை அது. இன்றைய நிலவரத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அன்று மண்டப வாசலில் நின்ற கார்களைப் பார்த்தவர்களுக்கு அது தேவையுமில்லை. பதாகையில் டத்தோவின் சிரிப்பு ஆளுயரம். சம்பந்தனின் படம் தபால்தலை அளவு. தபால் துறை அமைச்சராக இருந்தவர்தானே, பொருத்தம்தான் என்று நினைத்தீர்கள் போலும்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்தருளுங்கள். செப்டம்பர் 16, மலேசிய தின நிகழ்ச்சியும் அதே மண்டபத்தில்தான் என்று அறிகிறேன். முன்வரிசையைத் தோட்டத்துப் பெரியவர்களுக்கு ஒதுக்குங்கள். பிரமுகர்கள் இரண்டாம் வரிசையில் உட்காரட்டும்; அங்கிருந்தும் மேடை நன்றாகத் தெரியும், நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பாட்டியை உங்களில் ஒருவர் வீட்டுக்கே போய் அழைத்தால் நல்லது. புத்தகத்தையும் எடுத்துவரச் சொல்லுங்கள்.

பணிவுடன்,
பிரிக்பீல்ட்ஸ்வாசி ஒருவர்