ஐநூற்று ஒன்று

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதுவது.

உன் கல்யாணப் பத்திரிகையில் 'அன்பளிப்பைத் தவிர்க்கவும்' என்று ஒரு வரி போடச் சொல்லியிருக்கிறாய். பெருந்தன்மைதான். யார் பணத்தில் என்றுதான் கேட்கிறேன். ஆடி, ஆவணியில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு என்று மொய் விருந்து மொய் விருந்தாக அலைந்தது கிடாக்கறி ஆசையிலா? சாப்பிட்ட ஒவ்வொரு இலைக்கும் நோட்டில் என் பேர் இருக்கிறது. அதெல்லாம் நாம் விசேஷம் வைக்கும்போது மொய்யாகத் திரும்பி வர வேண்டிய, ஊரில் நிற்கிற நம் பணம். உன் காலேஜ் பீஸ் அப்படி வசூலானதுதான்.

பாங்க்காரன் பட்டா, சிட்டா, ஜாமீன் எல்லாம் கேட்பான். இங்கே மானம் ஒன்றுதான் ஜாமீன். வட்டியும் கிடையாது. ஆனால் பத்தாயிரம் செய்தவருக்கு அதே பத்தாயிரத்தைத் திருப்பிச் செய்தால், 'கணக்கை முடிச்சுக்கிறான்' என்று அர்த்தம். மேலே இரண்டாயிரமாவது புதிதாக எழுத வேண்டும். அது அவர் தலையில் நாம் ஏற்றுகிற புதுக் கடன். அன்பு என்றும் சொல்வார்கள்.

உன் பெரியப்பாவுக்கும் எனக்கும் வரப்புத் தகராறில் பேச்சு நின்று போனது உனக்குத் தெரியும். நம் வீடு குடிபுகுந்த அன்று வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, பந்தியில் உட்காரவில்லை. நேராக மொய் மேசைக்குப் போய் ஐநூற்று ஒன்று கொடுத்தார். எழுதுகிறவர் இனிஷியலை மாற்றிப் போட்டுவிட, நின்று திருத்தச் சொல்லி, சரியா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டினார். கோபம் என்றால் இப்படி முறையாக இருக்க வேண்டும்.

2018 நவம்பரில் கஜா புயல் தென்னையெல்லாம் சாய்த்ததே, அடுத்த ஆடியில் பலர் பாதித் தொகையோடுதான் வந்தார்கள். எழுதுகிறவர் தலை நிமிராமல் எழுதினார். மைக்கில் தொகையை வாசிக்கவில்லை. இப்போது பணம் எண்ண மெஷின், கம்ப்யூட்டர் ரசீது எல்லாம் வந்துவிட்டன. அந்த மரியாதை மெஷினுக்கு வருமா, தெரியவில்லை.

திரும்பி வராத மொய்யும் உண்டு. 2024இல் வயநாடு நிலச்சரிவுக்காகத் திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடையில் மொய் விருந்து வைத்தார்கள். பில் கிடையாது, சாப்பிட்டவர்கள் தங்களால் முடிந்ததை வைத்துவிட்டுப் போனார்கள். அதெல்லாம் பெரிய மனசு. நாங்கள் நோட்டு வைத்துப் பழகிய சின்ன ஆட்கள்.

அந்த வரியை எடுக்கச் சொல்லி அச்சகத்தில் சொல்லிவிட்டேன். ஆவணியில் பெரியப்பா பேத்திக்குக் காதுகுத்து. இந்தத் தடவை உன் பேரில் ஆயிரத்து ஒன்று எழுதப் போகிறேன். ஜிபேயில் அனுப்பிவிடு.

அன்புடன்,
அப்பா