பாப்பாவுக்கு, ஓசூர் விஷயமாக

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. தைக்கு நீ கொண்டுவந்த ஓசூர் ரோஜா நாற்று ஆறில் இரண்டு காய்ந்துவிட்டது. சேலத்து வெயில் அதற்கு ஆகாது. மற்ற நான்கும் தளிர் விட்டிருக்கின்றன.

மூன்று வாரமாக நீயும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. வேலை இருக்கும். வண்டிப் பாகங்கள் செய்யும் சொந்த யூனிட் தொடங்க நீ ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் ஷெட் பார்த்துக்கொண்டிருப்பது குமார் சொல்லித்தான் தெரிந்தது. எங்களிடம் முதலில் சொல்லவில்லை என்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. போனில் என்றால் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறோம், அதனால் எழுதுகிறேன்.

ஊர் நல்ல ஊர்தான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் எதனால் நல்ல ஊர் என்று சரியாகப் புரிந்துகொள். பெங்களூர் 40 கிலோமீட்டர், வாசலில் 44ஆம் எண் நெடுஞ்சாலை, 900 மீட்டர் உயரத்தில் குளுகுளு காற்று என்று தரகர்கள் பாடுவதெல்லாம் ரியல் எஸ்டேட்காரனுக்கு. தொழிலுக்கு அடித்தளம் வேறு. 1980லேயே டிவிஎஸ் மொபெட்டும் அசோக் லேலண்டும் அங்கே வந்துவிட்டன. பிறகு டைட்டன் வந்தது. டாடாவோடு நம் அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி அது. அந்த ஆலைகளுக்குச் சாமான் போட்டுப் போட்டு இரண்டு தலைமுறை வெண்டர்கள் உருவானார்கள். இப்போது மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா, பிறகு டாடா எலெக்ட்ரானிக்ஸ் என்று புதுப் பெயர்கள். 2019இல் ஊர் மாநகராட்சியும் ஆகிவிட்டது. ஆனால் உனக்குச் சோறு போடப்போவது இந்தப் பெயர்ப்பலகைகள் அல்ல. பக்கத்துத் தெருவில் பாகத்தைச் சூடேற்றிக் கடினமாக்கும் ஹீட் ட்ரீட்மென்ட் வைத்திருப்பவர், அதற்கடுத்த தெருவில் உருளைப் பாகத்தைத் துல்லியமாகச் சாணை பிடிக்கும் சென்டர்லெஸ் கிரைண்டிங் போடுபவர், அளவுக் கருவிகளைச் சரிபார்த்து கேஜ் கேலிப்ரேஷன் செய்து தருபவர், தேய்ந்த டூலைத் தீட்டித் தருபவர், இவர்கள்தான். ஒரு புஷ், அதாவது வளையம் போன்ற பாகம், காலையில் லேத்தில் கடைந்து டர்னிங் முடிந்தால் பேட்ச் கடினப்பட்டு, கிரைண்டிங் முடிந்து, ஒன்றிரண்டு நாளில் உன் மேஜைக்குத் திரும்பிவிடும். இதே வேலையை இங்கே செய்தால் பாதிக்குக் கோயம்புத்தூருக்கு வண்டி ஏற்ற வேண்டும். லாபம் அந்த வண்டி வாடகையிலேயே கரைந்துவிடும்.

எந்தச் சாமான் செய்யப் போகிறாய் என்பதை மாப்பிள்ளையும் நீயும் இன்னொரு தடவை உட்கார்ந்து யோசியுங்கள். என்ஜினுக்குள் போகும் பாகம் மட்டும் வேண்டாம். மின்சார ஸ்கூட்டரில் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், ஃபிரேம் பாகங்கள் எந்த வண்டிக்கும் வேண்டும். அதைவிட முக்கியம், விற்பனையில் பாதிக்கு மேல் ஒரே கம்பெனிக்குப் போகாமல் பார்த்துக்கொள். அவர்கள் ஷெட்யூலைக் குறைத்தால் உன் மிஷின் தூங்கும், தவணை தூங்காது.

விமான நிலையம் வருகிறது, மெட்ரோ வருகிறது என்று வாடகையை ஏற்றிச் சொல்வார்கள். 2000 ஏக்கரில் விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டசபையில் அறிவித்தார்கள், சரி. ஆனால் பெங்களூர் விமான நிலைய ஒப்பந்தத்தில் 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை புது விமான நிலையம் கூடாது என்று இருக்கிறது. மெட்ரோ மஞ்சள் தடம் 2025இல் பொம்மசந்திரா வரை வந்து நிற்கிறது. வந்தபோது பார்த்துக்கொள்ளலாம். வராத ரயிலுக்கு இப்போதே வாடகை கொடுக்காதே.

ஷெட் ஓனர் 11 மாத அக்ரிமென்ட் நீட்டுவார். அது வங்கிக்கு உதவாது. கடன் தவணை முடியும் காலம் வரைக்குமான குத்தகை, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தது, கேள். கட்டட வரைபட அனுமதியின் நகலைக் கேள். ஈபி இணைப்பு எவ்வளவு கிலோவாட், யார் பெயரில், பழைய பாக்கி உண்டா என்று பார். தாழ்வழுத்த இணைப்புக்கு ஒரு வரம்பு உண்டு; அதற்கு மேல் போனால் சொந்த டிரான்ஸ்ஃபார்மர், வேறு கட்டணம், வேறு தலைவலி. உன் இரண்டு சிஎன்சி மிஷினுக்கும் ஒரு கம்ப்ரஸருக்கும் அவ்வளவு வேண்டாம். முலாம் பூசும் பிளேட்டிங்கை நீயே செய்யலாம் என்று யாராவது ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடு. அது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சிவப்புப் பட்டியல். வெளியே கொடுத்து வாங்கு.

தண்ணீரைச் சோதித்துப் பார்த்தாயா? கடன் நின்றுபோன யூனிட்டுகளுக்கு இன்ஸ்பெக்ஷன் போய்ப் போய் எனக்குத் தெரிந்த விஷயம் இது, சின்னது என்று தள்ளாதே. போர்வெல் தண்ணீர் கடினம். அதில் மிஷின் வெட்டும்போது சூட்டைத் தணிக்கும் கூலன்ட் எண்ணெய் கலந்தால் பால் திரிந்த மாதிரி மேலே ஆடை கட்டும். தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், உப்பு மட்டும் தொட்டியில் தங்கும், வாராவாரம் கடினம் ஏறும். திங்கட்கிழமை காலை ஷெட்டைத் திறந்தால் அழுகல் வாடை வரும், பாகத்தில் மாலைக்குள் துருப்புள்ளி. அனுப்பிய லாட் அப்படியே திரும்பி வரும். ஆர்ஓ தண்ணீர் போடு. தண்ணீரில் எண்ணெயை ஊற்ற வேண்டும், எண்ணெயில் தண்ணீரை அல்ல. தினமும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து 6 முதல் 8 சதவீதத்தில் நிறுத்து. குறைந்ததை நிரப்பும்போது வெறும் தண்ணீர் ஊற்றாதே, லேசாகக் கலந்ததை ஊற்று. இதைப் பையன்களிடம் விட்டால் குடத்தைத்தான் கவிழ்ப்பார்கள்.

எல்லை விஷயம். ஜூஜூவாடி தாண்டினால் வேறு மாநிலம். ஜிஎஸ்டியில் சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் பதிந்தால் கர்நாடகாவுக்கு ஒரு போல்ட்கூட விற்க முடியாது, அதனால் ரெகுலர் பதிவுதான். நம் மாநிலத்துக்குள் ஒரு லட்சத்துக்கு மேல் போனால்தான் சரக்கு வண்டியோடு போகும் இ-வே பில், வெளி மாநிலத்துக்கு 50,000. ஆனால் ஜாப் வொர்க்குக்காக, அதாவது அவர்கள் சாமானில் கூலிக்கு வேலை செய்து கொடுப்பதற்காக, மாநிலம் விட்டு மாநிலம் சாமான் போனால் மதிப்பு 500 ரூபாயாக இருந்தாலும் இ-வே பில் வேண்டும். பொம்மசந்திராக்காரர் ஒரு பெட்டி ராடு கொடுத்து, டர்னிங் போட்டுக் கொடுங்கள் என்பார். சலானோடு பைக்கில் வைத்துக் கொண்டுவந்துவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் மாட்டுவார்கள். அந்த ராடு ஒரு வருடத்துக்குள் அவரிடம் திரும்பிப் போயிருக்கவும் வேண்டும்.

இப்போது பணம். பிணையம் இல்லாத கடன்தான் உனக்குச் சரி. சிறு தொழில் கடனுக்கு வங்கியிடம் உத்தரவாதம் நிற்கும் சிஜிடிஎம்எஸ்இ அமைப்பின் உத்தரவாதத்தில் இப்போது 10 கோடி வரை போகலாம், உனக்கு அதில் ஒரு மூலைகூட வேண்டாம். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், புரோக்கருக்குக் காசு கொடுக்காதே. மாவட்டத் தொழில் மையத்தில் நம் அரசின் புதுத் தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டத்துக்குப் போடு: 25 சதவீத மானியம், உச்சம் 75 லட்சம், அதுபோக 3 சதவீத வட்டி மானியம். பெண்களுக்குச் சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும். புதிதாகத் தொடங்குபவர்களுக்குத்தான், ஓடும் யூனிட்டுக்குக் கிடையாது. மானியம் வரும் தேதியை நம்பி மட்டும் யாருக்கும் செக் எழுதாதே.

மிஷின் வாங்குவது சுலபம். மூச்சு முட்டுவது அதற்குப் பிறகு. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மாதம் 6 லட்சத்துக்கு பில் போடுகிறாய் என்று வை. ராடு 3 லட்சம். புது யூனிட் என்பதால் ரொக்கம், அதற்கு 54,000 ஜிஎஸ்டி. கூலி, கரண்ட், வாடகை ஒன்றரை லட்சம். தவணை 60,000. மாதக் கடைசியில் பில், அறுபது நாளில் பணம் என்றால், முதல் ரூபாய் வருவதற்குள் மூன்று மாதச் செலவு கையை விட்டுப் போயிருக்கும். கிட்டத்தட்ட 17 லட்சம். ஆண்டு விற்பனை 72 லட்சத்தில் 20 சதவீதம் என்று வங்கி, அன்றாடச் செலவுக்கு எடுத்துக்கொள்ளும் சிசி லிமிட் போட்டால் 14 லட்சத்து 40,000. அதுவும் சரக்கும் வரவேண்டிய பாக்கியும் கணக்கில் காட்டினால்தான் எடுக்க முடியும். 90 நாள் தாண்டிய பாக்கியைக் கழித்துவிடுவார்கள். மீதி 2 லட்சத்து 60,000 உன் கையில் ரொக்கமாக இருக்க வேண்டும். சாம்பிள் ஒப்புதல் இழுத்தால் இதுவும் பத்தாது.

இன்னொன்று. 25 லட்சம் மிஷினுக்குக் கட்டிய நாலரை லட்சம் ஜிஎஸ்டி, நீ கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் கிரெடிட்டாக நிற்கும். ராடுக்குக் கட்டிய வரி போக மாதம் 54,000 வீதம் எட்டு மாதத்துக்கு வரியே கட்ட வேண்டாம். வாடிக்கையாளரிடம் வாங்கிய வரி கணக்கில் கிடக்கும், லாபம் மாதிரியே தெரியும். ஒன்பதாவது மாத வரியை அடுத்த மாதம் 20ஆம் தேதி கட்டும்போதுதான் விழித்துக்கொள்வார்கள். நான் பார்த்த யூனிட்டுகளில் பாதி அந்த வருடக் கடைசியில்தான் தடுமாறின.

சிறு யூனிட்டுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி கேட்கலாம். நீ கேட்க மாட்டாய், கேட்டால் அடுத்த ஆர்டர் வராது. அதனால் பில்லை முன்கூட்டியே பணமாக்கித் தரும் ட்ரெட்ஸ் தளத்தில் இருக்கும் கம்பெனியா என்று ஆர்டர் எடுக்கும் முன்பே விசாரி. அவர்கள் பில்லை ஏற்றுக்கொண்டால் நீ தள்ளுபடியில் பணமாக்கிக்கொள்ளலாம், அவர்கள் கட்டாவிட்டாலும் உன் தலையில் விடியாது. டிராயிங்கைப் பார்த்தவுடனே எந்த டாலரன்ஸ் இடிக்கும் என்று சொல்லத் தெரிந்த பிள்ளை நீ. எட்டு வருடம் சப்ளையர்களின் குறையைக் கண்டுபிடித்தவள். அந்தக் கண் எல்லோருக்கும் வராது. பணத்தில் மட்டும் அந்தக் கண்ணை மூடிக்கொள்கிறாய். கல்யாணத்தின்போதும் அப்படித்தான்.

பிணையம் இல்லாத கடன் என்று மறுபடியும் சொல்கிறேன். கிளை மேலாளர் சிரித்துக்கொண்டே, வீடு ஏதாவது இருக்கிறதா மேடம் என்று கேட்பார். உத்தரவாதக் கட்டணம் வருடா வருடம் போகிறதே, வீட்டைக் காட்டினால் அது மிச்சம் என்பார். இல்லை என்று சொல்லிவிடு. கட்டணம் போனால் போகட்டும்.

"பத்திரத்தை எடுத்து வையுங்கள்" என்று நீ அனுப்பியதற்கு நான் கைகூப்பும் பொம்மை போட்டேன். அதற்குப் பிறகுதான் நீ கூப்பிடுவதில்லை. தர மனமில்லை என்று நினைத்திருப்பாய்.

பத்திரம் பீரோவில் இல்லை பாப்பா. பச்சை உறையில் இருப்பது ஜெராக்ஸ். சித்தப்பாவின் குமாரபாளையம் தறிக்கடனுக்குக் கையெழுத்து மட்டும்தான் போட்டேன் என்று உங்கள் இருவரிடமும் சொன்னேன். வீட்டையும் வைத்தேன். ஊருக்கெல்லாம் ஜாமீன் நிற்காதே என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். கேட்டது தம்பி, மறுக்க வாய் வரவில்லை. அவன் தறி நின்று ஐந்து மாதம் ஆகிறது. தவணையை நான்தான் பென்ஷனிலிருந்து கட்டுகிறேன். இன்னும் 23 தவணை இருக்கிறது. அம்மாவுக்குத் தெரியாது.

வீட்டைக் காட்டி நீ எந்த வங்கிக்குப் போனாலும் வில்லங்கச் சான்று போடுவார்கள். பத்திரம் ஒப்படைத்தது பதிவாகியிருக்கிறது, முதல் பக்கத்திலேயே வந்துவிடும். ஒரு வக்கீல் சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் இத்தனை பக்கம் எழுதினேன். எழுதும்போதும் கடைசியில்தான் வருகிறது.

என்னிடம் 3 லட்சத்துக்கு ஒரு டெபாசிட் இருக்கிறது, ஆனி மாதம் முதிர்கிறது. மேலே சொன்ன 2 லட்சத்து 60,000க்கு அது சரியாக இருக்கும். வேண்டாம் என்று சொல்லாதே.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் கூப்பிடு. அம்மா எடுத்தால் பத்திரப் பேச்சு வேண்டாம், ரோஜாவுக்கு என்ன உரம் என்று அவள் கேட்க வேண்டுமாம். நான் கோயிலிலிருந்து வந்துவிடுவேன்.

அப்பா